ஜெசிந்தா எண்ணாமல் விட்ட வீடு

ஜூன் 16, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக ஜெசிந்தாவின் புத்தகத்துக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டேன். காபிகூட அதற்கப்புறம்தான். பஸ்ஸிலோ ஸ்டாஃப் ரூமிலோ யாரும் அது என்ன புத்தகம் என்று கேட்கக்கூடாது. நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூலை மடித்து, பசை தடவி.

காற்று. மழை இல்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். கம்பம் பக்கம் சாரலாம்.

வேலைகள்: கேஸ் பதிவு. இவருக்கு பனியன். முதலாமாண்டு பெயர்ப் பட்டியல். ஜெ. புத்தகம் பற்றி ஒரு பக்கக் கருத்துரை, வெள்ளிக்குள்.

கடைசி வேலை ஹெச்.ஓ.டி. தலையில் கட்டியது. முதலாமாண்டுப் புள்ளியியலுக்கு இந்தப் புத்தகத்தைப் பாடநூலாக வைக்கலாமா, எழுதிக் கொடுங்கள் என்றார். அடுத்த திங்கட்கிழமை பாடத்திட்டக் குழு கூடுகிறது. துறையில் புள்ளியியல் படித்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லாம் கணிதம். நான் வேண்டாம் என்று எழுதினால் வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இதுவரை பாடநூல் என்று ஒன்று கிடையாது. வி.கே. நோட்ஸ்தான். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு அடுக்கியிருக்கும். வி.கே. நான். பதினாறு வருடமாக அதைப் படித்துத்தான் பிள்ளைகள் பாஸாகிறார்கள். புத்தகம் வந்தால் நோட்ஸ் போய்விடும். தேனியில் புள்ளியியல் என்றால் நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. இப்போதுதான் தெரிகிறது.

ஜெசிந்தா மதுரையில் எம்.எஸ்ஸி. சேர்ந்து படித்தவள். ஒரே ஹாஸ்டல் அறை. நான் முதல் ரேங்க், அவள் பாஸ். என் ரெக்கார்டைப் பார்த்துத்தான் வரைபடம் போடுவாள். அதிலும் எக்ஸ் அச்சு எங்கே, ஒய் அச்சு எங்கே என்று குழம்பி. இப்போது கம்பத்தில் பள்ளி ஆசிரியை. பின்னட்டையில் போட்டோ, சிரிப்பு. 'கணவர், மூன்று பிள்ளைகளுடன் கம்பத்தில் வசிக்கிறார்.' புள்ளியியல் புத்தகத்துக்கு இது எதற்கு?

முதல் முப்பது பக்கத்தில் ஒரு சூத்திரம்கூட இல்லை. திராட்சை, ஏலக்காய், டவுன் பஸ். குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தவள் ஐம்பது பக்கம் படித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. எரிச்சல்.

இதுவரை குறைகள்: இண்டெக்ஸ் இல்லை. தாள் மட்டம். ஜோக் அதிகம். திட்ட விலக்கம் என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழேயே 'பயப்படாதீங்க' என்கிறாள்.

நான் வகுப்பில் யாரையும் பயப்படாதே என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

அட்டை போட்டதுதான் வினையாகிவிட்டது. இவர் செய்தித்தாளுக்கு மேல் எதையும் தொடாத ஆள். பழுப்புத்தாளைப் பார்த்து, என்னத்தையோ மறைத்துவைத்திருக்கிறாள் என்று எடுத்திருக்கிறார். நான் கல்லூரியிலிருந்து வரும்போது ஹாலில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வேறு.

இவருக்கு போடியில் ஏலக்காய் வியாபாரம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுத்தார்.

"ந்தா விஜயா, இதக் கேளு. எட்டு எம்எம் காய் பாதி, ஆறு எம்எம் காய் பாதி. கலந்து கட்டுனா சராசரி ஏழு. ஆனா மூட்டையத் தட்டிப் பாத்தா ஏழு எம்எம் காய் ஒண்ணுகூட இருக்காது. எப்புடி?"

தெரியும் என்றேன்.

"அதுக்குத்தான் எம்புட்டுச் செதறிக் கெடக்குன்னும் பாக்கணுமாம். சராசரிய மட்டும் நம்பி ஏலம் எடுத்தா அம்புட்டுத்தான்."

"அதத்தான் நான் பதினாறு வருசமா நடத்துறேன்."

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதையா? நீ என்னமோ கணக்கு நடத்துறன்னுல்ல நெனச்சேன்."

கிண்டல் என்றால் சண்டை போட்டிருக்கலாம். கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம். எழுதியது யார் என்று கேட்டார். ஹாஸ்டலில் கூட இருந்தவள் என்றதும் மரியாதை கூடிவிட்டது. "அவுக பெரிய ஆளாத்தான் இருப்பாக" என்றார். பார்த்தேயிராத ஜெசிந்தா அவுக. நான் 'அவ'.

பொறாமை. எழுதிப் பார்த்தேன். சரியான வார்த்தைதான்.

மோருக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். இவர் அதைக் கவனிக்கவே இல்லை. புத்தகத்தோடு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இரண்டாமாண்டுப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி தேவாரம் ஊர்க்காரி, குரலை வைத்தே தெரியும். நான் முன்னால் இருப்பதைப் பார்க்கவில்லை. ஜெ. புத்தகம் அவர்களிடம் ஏற்கெனவே வந்துவிட்டது போல. தேவாரத்துக்காரி சொன்னாள்: "வி.கே. நோட்ஸப் படிச்சா பாஸாயிரலாம்டி. இதப் படிச்சாப் புரியுது."

இறங்கும்போது பார்த்துவிட்டு, முகம் வெளுத்து, குட்மார்னிங் மேடம். நானும் குட்மார்னிங்.

மூன்றாம் பீரியட் ஃப்ரீ. இவரிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கி வந்திருந்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

பக்கம் 88. கிடைத்தது.

கூறெடுத்தல் அத்தியாயம். ஊர் முழுக்கக் கேட்க முடியாதபோது சிலரை மட்டும் கேட்டு ஊரைக் கணிப்பது. அதற்கு ஒரு செய்முறை கொடுத்திருக்கிறாள். வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, வகுப்பில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். உங்கள் ஊரில் வீட்டுக்குச் சராசரி எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

தெரியாது. எங்கள் தெருவையே ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். நாலு வீடு. எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாடிவீட்டில் ஒன்று, முக்குவீட்டில் ஒன்று, எங்கள் வீட்டில் இல்லை. நாலு வீட்டுக்கு நாலு பிள்ளை, சராசரி ஒன்று. அதே பிள்ளைகளை வகுப்பில் எழுப்பிக் கேட்டால் என்ன சொல்வார்கள்? இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. கூட்டினால் ஆறு. நாலால் வகுத்தால் ஒன்றரை. எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள், அந்த வீடு இரண்டு தடவை கணக்கில் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து எந்த வகுப்பிலும் யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை. அதனால் எங்கள் வீடே கிடையாது.

முதலில் சந்தோஷம். மறைக்க ஒன்றும் இல்லை, உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம். அச்சுப்பிழை இல்லை இது, அடிப்படைப் பிழை. இது ஒன்று போதும் புத்தகத்தை ஓரங்கட்ட.

டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான், அவளுக்கு ஏன் இது படவில்லை என்று யோசித்தேன். எப்படிப் படும்? மூன்று பெற்றவள். நாள் முழுக்கப் பார்ப்பது பிள்ளைகளை அனுப்புகிற வீடுகளை மட்டும். எனக்குப் படித்தவுடன் பட்டதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

எலுமிச்சை சாதம். பாதி மிச்சம்.

ஜூன் 19, வியாழன்

சாயங்காலம் ஜெசிந்தாவே வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல். கடைசிப் பெண்ணுக்குக் கண்ணாடி மாற்ற தேனி வந்தாளாம். கையில் ஒரு பெட்டி திராட்சை, காமயகவுண்டன்பட்டியில் கொழுந்தனார் தோட்டத்தில் பறித்தது.

பருத்திருக்கிறாள். பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி. அப்புறம் பார்த்தால் அது அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இவர் உள்ளே போய் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். ஜெசிந்தா பழுப்புத்தாளைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடி விஜி, அஞ்சாங்கிளாஸ் புத்தகம் கணக்கா அட்டை போட்டு வச்சிருக்க?"

அழுக்காகிவிடக் கூடாதே என்றேன். நம்பிவிட்டாள். அவளிடம் எதைச் சொன்னாலும் நம்புவாள்.

எங்கள் கல்லூரியில் புத்தகம் பரிசீலனையில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெரியாதோ, தெரிந்தும் கேட்கவில்லையோ. இவர் ஏலக்காய்ப் பக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவள் கைதட்டிச் சிரித்தாள். கூட வந்திருந்த கடைசிப் பெண் என் முழங்காலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு திராட்சையாகத் தோலை உரித்தது. புதுக் கண்ணாடி, மூக்கில் நிற்கவில்லை. நான் மேலே ஏற்றிவிட்டேன், மறுபடி வழுக்கியது.

அப்போதுதான் ஜெசிந்தா கேட்டாள்.

"அடுத்த வாரம் ரெண்டாம் அச்சுக்குக் குடுக்கணும். தப்பு இருந்தாச் சொல்லுடி. மத்த ஆளுக சொன்னா யோசிப்பேன். நீ சொன்னா அப்பிடியே மாத்திருவேன்."

"அவுக புத்தகத்துல என்ன தப்பு இருக்கப்போகுது" என்றார் இவர்.

எண்பத்தெட்டு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால், என்ன தப்பு என்பாள். சில வீடுகளை எண்ணவில்லை என்பேன். எந்த வீட்டைடி என்பாள். இந்த ஹாலில், இவர் முன்னால், முழங்காலில் சாய்ந்திருக்கிற பிள்ளை முன்னால், எங்கள் வீட்டை என்று நான் சொல்ல வேண்டும். ஜெசிந்தாவின் முகம் அப்படியே மாறும். கையைப் பிடித்துக்கொள்வாள். ஹாஸ்டலிலேயே அப்படித்தான், யார் அழுதாலும் கூட உட்கார்ந்து அழுவாள். புத்தகமும் எழுதிவிட்டு என் கையையும் அவள் பிடிக்க வேண்டாம்.

"பின்னாடி இண்டெக்ஸ் போடு" என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ எழுதுவ எழுதுவன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ எழுதுற மாதிரித் தெரியல. சரி, நாமளாச்சும் எழுதுவோம்னு."

குத்தலே இல்லை. கம்பம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

திராட்சை நல்ல இனிப்பு.

ஜூன் 20, வெள்ளி

கேஸ் பதிவாயிற்று. பனியன் வாங்கவில்லை. காற்றில் கல்லூரி வேப்பமரத்தில் ஒரு கிளை ஒடிந்து, இரு சக்கர வாகனங்கள் மேல்.

கருத்துரை. முதலில் எழுதியது: கூறெடுத்தலில் அடிப்படைப் பிழை உள்ளது, பரிந்துரைக்க இயலாது. உண்மை. ஆனால் ஹெச்.ஓ.டி. உதாரணம் கேட்பார். குழுவில் எல்லோர் முன்னாலும் விளக்கவேண்டி வரும். விளக்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைப் பல விசேஷ வீடுகளில் பார்த்தாயிற்று. கிழித்தேன்.

அடுத்தது: எளிய நடை, எனினும் கல்லூரித் தரத்துக்குப் போதாது. பொய். யாரும் கேள்வி கேட்க முடியாத பொய். கை தானாக ஓடியது, முக்கால் பக்கம். திரும்பப் படித்தால், என் நோட்ஸின் நடை. எங்கும் பிழை இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை, எப்புடி என்று.

அதையும் கிழித்தேன். நல்ல மனதோடு இல்லை. அவள் புத்தகத்தை மட்டம் என்று எழுதினால், அதை ஐம்பது பக்கம் கீழே வைக்காமல் படித்த நான் என்ன?

பரிந்துரைக்கிறேன் என்று ஐந்து வரி. இண்டெக்ஸ் இல்லை என்பதையும் சேர்த்தேன்.

ஹெச்.ஓ.டி. படித்துவிட்டு, அப்படியென்றால் முடிவான மாதிரிதான், முதலாமாண்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். "ஒங்க ஃப்ரெண்டாம்ல மேடம்? ஃப்ரெண்டுன்னா இப்பிடில்ல இருக்கணும்."

சிரித்து வைத்தேன். வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீர்.

ஜூன் 21, சனி

லீவு. இவர் போடியில். துணி துவைத்துக் காயப்போட்டு, இந்தத் தடவை நாலு பக்கமும் கிளிப்.

பத்து மணிக்கு ஜெசிந்தா போன். யாரோ சொல்லிவிட்டார்கள். பேச்சே வரவில்லை அவளுக்கு, அழுகிறாள். நீ சொல்லித்தான்டி, நீ சொல்லித்தான் என்று அதையே. பின்னால் குக்கர் விசில், பிள்ளைகள் சண்டை. மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "திங்கக்கெழம அச்சகத்துக்குப் போகுது. வேற ஒண்ணும் இல்லேல்ல?"

இல்லை என்றேன். இண்டெக்ஸ் மட்டும்.

போனை வைத்தேன். குற்ற உணர்ச்சி வரும் என்று பார்த்தேன். வந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

முதலாமாண்டு முதல் வகுப்பு. எண்பத்தெட்டாம் பக்கத்தைத்தான் எடுக்கப்போகிறேன். அவள் எழுதியிருக்கிறபடியே எல்லோரையும் எழுப்பி, கேட்டு, கூட்டி, வகுத்து, விடையைப் போர்டில் எழுதுவேன். சரியா என்று கேட்பேன். சரி என்பார்கள். யாரை எண்ணாமல் விட்டோம் என்று கேட்பேன். ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது விடைக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டு, இது என் வீடு என்பேன். ஜெசிந்தாவிடம் சொல்ல முடியாததை ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்று எப்படித் தோன்றுகிறதோ. அவர்கள் கையைப் பிடிக்கமாட்டார்கள். நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அதனால் அவளிடம் சொல்லப்போவதில்லை. திங்கட்கிழமையும் இல்லை, அப்புறமும் இல்லை. இரண்டாம் அச்சிலும் அப்படியே வரட்டும், மூன்றாவதிலும் வரட்டும். பாக்கிப் பக்கமெல்லாம் அவளுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒன்றைக் கொடுக்கமாட்டேன்.