இரண்டு கைக்கும் ஒரே நாளில்

அனுப்புநர்:
பி. நல்லகோயா,
விசைப்படகு ஓட்டுநர் (ஓய்வு), துறைமுகப் பணி,
வடக்குப் பள்ளி அருகில்,
தெக்கம்பாரத் தீவு.

பெறுநர்:
தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்,
அரசு மருத்துவமனை,
வலியகரைத் தீவு.

பொருள்: வெளித்தீவுகளிலிருந்து கடல் கடந்து வரும் பெரியவர்களுக்கு, போட வேண்டிய தடுப்பூசிகளை ஒரே வருகையில் போட்டு அனுப்பவும், அடுத்த மாத முகாமின் இரண்டு தேதிகளை ஒன்றாக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தாங்கள் இப்பொறுப்பை ஏற்றுச் சில வாரங்களே ஆகின்றன என அறிகிறேன். இம்மனுவில் சொல்லப்படும் எதுவும் தங்கள் காலத்தில் நடந்ததல்ல. எவரையும் தண்டிக்கக் கோரியும் இதை எழுதவில்லை. சம்பந்தப்பட்ட மருத்துவரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் பணியில் இருந்த காலமெல்லாம் கப்பலுக்கும் எங்கள் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கியவன். எங்கள் தீவார் ஒருவர் தங்கள் மருத்துவமனைப் படியை மிதிப்பதற்குள் எத்தனை முறை உடல் நனைகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவி ருக்கியாபியும் ஹஜ்ஜுக்குச் சென்றோம். அதற்கான தடுப்பூசி முகாம் தங்கள் மருத்துவமனையில்தான் நடந்தது. அப்போது அங்கு ஏலியாம்மா டாக்டர் இருந்தார்கள். கோட்டயத்துக்காரர். இடது கையில் மூளைக்காய்ச்சல் ஊசி, வலது கையில் சளிக்காய்ச்சல் ஊசி, நாக்கில் போலியோ சொட்டு. எல்லாம் ஒரே இருப்பில் முடிந்தது. "ரெண்டு கையையும் நீட்டுங்க, கல்யாண வளையல் போடற மாதிரி நினைச்சுக்குங்க" என்பார்கள். ஊசிக்குப் பயந்து பின்வரிசையில் ஒளிந்த ஆண்களைப் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். பிறகு அரைமணி நேரம் முற்றத்துப் புன்னை மரத்தடியில் எங்களை உட்காரவைத்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முகாமுக்கு வந்திருந்த நான்கு தீவு ஆட்களும் ஒருவருக்கொருவர் சலாம் சொல்லி, யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பேசித் தீர்த்தோம். அரைமணி போதவில்லை.

3. திரும்பும் கப்பலில்தான் கை வலி தெரிந்தது. சாயங்காலம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது என்னால் வலது கையைத் தூக்க முடியவில்லை. ருக்கியாபிக்கும் அதே நிலை. "ரெண்டு கையும் போச்சு, இப்ப யாரு யாருக்கு ஊட்டறது?" என்று அவர் கேட்டது மேல்தளம் முழுக்கக் கேட்டது. பிறகு அவரே, முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு, வறுத்த சூரை மீனைப் பிய்த்து எனக்கு ஊட்டினார். எங்கள் வழக்கில் மனைவி தாய்வீட்டில் இருப்பார், கணவன்தான் போய் வருவான். இத்தனை பேர் பார்க்க நாங்கள் ஒரே இலையில் உண்டது அன்று மட்டுமே. அவர் மவுத்தாகி அடக்கமாகி மூன்று வருடம் ஆகிறது. மனுவுக்கு இது வேண்டாத செய்தி என்று தாங்கள் கருதலாம். ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் எனக்கு நினைவுக்கு வரும் பக்கவிளைவு இது ஒன்றுதான் என்பதால் சொன்னேன். மறுநாள் காலை கை சரியாகிவிட்டது.

4. இந்த ஆண்டு எங்கள் தீவிலிருந்து நான்கு பெண்கள், ஆண் துணையின்றிப் பெண்கள் மட்டுமே செல்லும் குழுவாக, ஹஜ்ஜுக்குத் தேர்வானார்கள். ருக்கியாபியின் தங்கை செய்னபி ஒருவர். அவர் எங்களோடு அன்றே வந்திருக்க வேண்டியவர். படுக்கையில் இருந்த தன் தாய்மாமனைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். இன்னொருவர் குஞ்ஞிபி, வயது எழுபத்தொன்று. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தன் பங்குத் தென்னைகளின் காய்களை விற்றுச் சேர்த்த பணத்தில் புறப்பட்டவர். முகாமுக்கு நால்வரையும் அழைத்துப்போக, கடல் பழக்கம் உள்ளவன் என்று என்னையும் உடன் அனுப்பினார்கள். ஏப்ரல் மாதம், கடல் கண்ணாடி போல இருந்தது. போகும் வழியெல்லாம், மரத்தடியில் உட்காருவோம், பழைய ஆட்களைப் பார்ப்போம் என்று நான் அளந்துகொண்டே போனேன்.

5. முகாமில் இருந்த இளம் மருத்துவர் அன்று சளிக்காய்ச்சல் ஊசியை மட்டும் போட்டார். மூளைக்காய்ச்சல் ஊசிக்கு நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். காரணம் கேட்டபோது, "எல்லாரும் வயசானவங்க. ஒரே நாள்ல ரெண்டு ஊசி வேண்டாம். காய்ச்சல் வந்துச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அதற்குச் செய்னபி, "டாக்டரே, காய்ச்சல் வந்தா பாயில படுத்துக்குவோம். கடல் பொங்கினா எதுல படுக்கறது?" என்று கேட்டார். மருத்துவர் சிரித்தார். ஊசி போடவில்லை. பழைய வழக்கத்தை நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். "அது அப்ப, அங்கிள்" என்றார். மூளைக்காய்ச்சல் ஊசிச் சான்று இல்லாமல் விமானம் ஏற முடியாது என்பதால், மறுபடி வர ஒப்புக்கொண்டு திரும்பினோம். அந்த ஊசி மருந்து அதே அறையின் குளிர்பெட்டியில் அன்று இருந்தது.

6. நான்கு வாரம் கழித்து மே மாதம் வந்தது. மே மாதம் எங்கள் கடல் எப்படி மாறும் என்பதைத் தாங்கள் இனிமேல் காண்பீர்கள். தீவுகளுக்கிடையே ஓடும் விரைவுப்படகு முகாமுக்கு முந்தின நாளே நிறுத்தப்பட்டது. புறப்பாட்டுக்கு முன் வேறு முகாமும் இல்லை. ஆகவே என் மருமகன் அட்டகோயாவின் மீன்பிடிப் படகில் நால்வரையும் ஏற்றினோம். அதில் பெண்கள் உட்கார இடம் கிடையாது. மீன் போடும் தொட்டியைக் கழுவிப் பாய் விரித்தோம். பவளத்திட்டின் வாயைத் தாண்டியதும் அலை படகுக்குள் வந்தது. குஞ்ஞிபி மட்டும் வாந்தி எடுக்காமல், மற்ற மூவரின் தலையையும் மடியில் தாங்கிக்கொண்டு துஆ ஓதினார். "ஊசி போட்டுக்க இந்தப் பாடுன்னா, ஹஜ்ஜுல ஷைத்தானுக்குக் கல்லெறியப் போறப்ப ரெண்டு கல்லு கூடவே எறியணும்டி" என்று அவர் சொல்ல, அந்த நிலையிலும் செய்னபி சிரித்தார்.

7. வலியகரைத் துறையில் இறங்கும்போது குஞ்ஞிபி ஒரு காலைப் படியில் வைத்தார். மறு கால் படகில் இருக்கும்போதே அலை வாங்கிப் படகு கீழே போனது. நானும் அட்டகோயாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தும், இடுப்பு படியில் மோதுவதைத் தடுக்க முடியவில்லை. எலும்பு முறிந்தது.

8. தூக்குப்படுக்கையில் அவரைத் தங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். அதே மருத்துவர்தான் பார்த்தார். வலிக்கு மருந்து கொடுத்து, அசையாமல் படுக்கவைத்து, கொச்சிக்கு அனுப்ப ஹெலிகாப்டருக்குச் சொன்னார். மற்ற மூவருக்கும் ஊசி போட்டு முடிந்தது. அப்போது குஞ்ஞிபி மருத்துவரைக் கைகாட்டி அழைத்தார். "எனக்கும் போடுங்க" என்றார். இப்போது வேண்டாம் உம்மா, இந்த வருடம் நீங்கள் போக முடியாது என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். "ஊசி கையிலதானே? ஒடஞ்சது இடுப்புதானே? அதுக்காகத்தான் வந்தேன். போடுங்க மகனே" என்றார் குஞ்ஞிபி. மருத்துவர் குளிர்பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தார். பிறகு தாமே போட்டார். சான்றில் தாமே கையொப்பமிட்டு, குஞ்ஞிபியின் தலையணைக்கு அடியில் வைத்தார். மருத்துவரின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதையும் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

9. நால்வரில் குஞ்ஞிபிதான் முதலில் கொச்சி சேர்ந்தார், அறுவைக் கூடத்துக்கு. இத்தகைய குழுவில் நால்வராவது இருக்க வேண்டும் என்பது விதி; ஒருவர் குறைந்ததால் மற்ற மூவரின் பயணமும் நின்றுவிடுமோ என்று ஒரு வாரம் எங்கள் தீவில் அடுப்பு சரியாக எரியவில்லை. வேறொரு தீவில் தனியாக நின்றிருந்த ஒரு பெண்ணை இக்குழுவில் சேர்த்து அதிகாரிகள் உதவினார்கள். கொச்சியில் ஹஜ் பயணிகள் தங்கும் புறப்பாட்டு முகாமில் செய்னபி பக்கத்துக் கட்டிலில் இருந்த, கேரளக் கரைப் பொன்னானியிலிருந்து வந்த பெண்ணிடம் ஊசிக் கதையைக் கேட்டிருக்கிறார். "ஒரே தடவைதான், ரெண்டு கையிலயும். அதுக்கென்ன? பஸ்ஸுல போயி மத்தியானச் சோத்துக்கு வந்துட்டேன்" என்றாராம் அவர். அவருக்கு வயது எழுபத்து நான்கு. செய்னபி அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், கரையில இருக்கறவங்களுக்கு ரெண்டு கையும் ஒண்ணாத்தான் இருக்கு போல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மூவரும் நலமாகத் திரும்பினார்கள். குஞ்ஞிபி இப்போது ஊன்றுகோலுடன் பள்ளிவாசல் வேலிவரை நடக்கிறார்.

10. இப்போது இதை எழுதும் காரணம்: முதியோருக்கு நிமோனியா ஊசியும் சளிக்காய்ச்சல் ஊசியும் போட அடுத்த மாதம் தங்கள் மருத்துவமனையில் முகாம் என அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. அதில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு தேதி, இடையில் மூன்று வாரம். மழைக் கடல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் தீவு முதியவர்களில் பலர், "ஒரு ஊசியும் வேண்டாம், வீட்டிலேயே இருமிக்கொள்கிறோம்" என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. எல்லோரும் குஞ்ஞிபியின் கட்டிலைப் பார்த்தவர்கள்.

11. ஆகவே தாங்கள் கனிவுடன் செய்ய வேண்டியவை: அந்த இரண்டு தேதிகளையும் ஒன்றாக்கி, மருத்துவக் காரணம் உள்ளவர்கள் தவிர மற்றவர்களுக்கு இரண்டு ஊசியையும் இரண்டு கைகளில் ஒரே வருகையில் போடச் செய்ய வேண்டும். யாருக்காவது ஒன்றை ஒத்திவைக்க நேர்ந்தால், அந்த ஊசி அவரைத் தேடிக் குளிர்பெட்டியில் எங்கள் தீவுக்கு வர வேண்டும். அவர் அதைத் தேடிக் கடலில் போகலாகாது. வரும் ஆண்டு ஹஜ் பயணிகளுக்கும் இதையே நிலையான உத்தரவாக எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்காத நல்ல வழக்கம் ஆள் மாறினால் போய்விடுகிறது. ஏலியாம்மா டாக்டர் மாற்றலாகிப் போன கப்பலுக்கு அவர்களை என் படகில்தான் ஏற்றிவிட்டேன். அவர்களோடு என்ன போகிறது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

12. அடுத்த ஆண்டு பயணத்துக்குக் குஞ்ஞிபி மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். இவ்வாண்டு போட்ட மூளைக்காய்ச்சல் ஊசி அடுத்த ஆண்டுக்கும் செல்லும் என்று சான்றிலேயே இருக்கிறது. இம்மனுவைப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரொம்பக் கோபமா எழுதியிருக்கே தம்பி. கொஞ்சம் கொறச்சுக்க. அந்தப் புள்ள நமக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதானே பயந்துச்சு. கடலைப் பத்தி அதுக்கு யாரு சொன்னா?" அவர் சொற்படி சில வரிகளை அடித்துவிட்டேன். கடலைப் பற்றிய வரிகளை மட்டும் தங்கள் பார்வைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

தங்கள் நல்லுத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பி. நல்லகோயா

உடன் ஒப்பமிடுவோர்: செய்னபி, குஞ்ஞிபி, அட்டகோயா

இடம்: தெக்கம்பாரத் தீவு
நாள்: 11 ஆகஸ்ட் 2025