கருங்காலி நிழலில் தேநீர் வேண்டாம்

தியாமிகேயின் அப்பாவுக்கு,

உங்கள் எலெஸ்டினா எழுதுவது. பிள்ளை நலம். ஆட்டை அவிழ்த்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் நலமாக இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை காடு பார்க்க வந்த விருந்தினரை நடத்திக் கூட்டிக்கொண்டு வறண்ட ஏரிப் பக்கம் போகாதீர்கள். கருங்காலி மரத்தடியில் தேநீர் வைக்காதீர்கள்.

முகாமுக்கு ரேடியோவில் சொல்லச் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் தும்மினால்கூட ஆற்றின் இரு கரைக்கும் கேட்கும். அதனால் காய்கறி வண்டி டாலித்ஸோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையைச் சோளக்களி வைத்து ஒட்டப்போவதைப் பார்த்துவிட்டு, "புருஷனுக்கு அப்படி என்ன ரகசியம், புதுப்பொண்ணாட்டம்?" என்று பல்லைக் காட்டுகிறான். நானும் சிரித்து வைத்தேன்.

விடிகாலையில் என் தம்பி ஸக்கேயோ நொண்டிக்கொண்டு வந்தான். தொடை கிழிந்து கால்சட்டை ரத்தத்தில் ஊறியிருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்தானாம். அவன் சைக்கிள் நேற்றிலிருந்து நம் வாசலில்தான் நிற்கிறது! உப்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டேன். "மானுக்குத்தான்க்கா கம்பிச் சுருக்கு வச்சேன், சத்தியமா. காட்டெருமை வந்து கால விடும்னு யாரு கண்டா?" என்று அழுதான். சுருக்கைப் பார்க்கப் போனவனை அது முட்டித் தள்ளிவிட்டு, கம்பியோடு ஏரிக்கரைக் கருங்காலிப் புதருக்குள் போய்விட்டதாம். "வெளிய வரலக்கா. உள்ள நின்னு மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றான்.

எந்த மிருகம் வந்தாலும் ஓடக்கூடாது, நின்ற இடத்தில் நில்லுங்கள் என்றுதானே விருந்தினருக்குச் சொல்வீர்கள்? கம்பி காலை அறுத்துக்கொண்டிருக்கும் எருமை நிற்பவரை விட்டுவிடுமா? இந்த முறை வந்திருப்பது வயதான தம்பதி, மெதுவாகத்தான் நடக்கிறார்கள் என்று வேறு சொன்னீர்கள். துப்பாக்கியோடு வனக்காவலர் ப்வாலியா ஐயா முன்னால் போவார், சரி. புதர் பக்கவாட்டில் அல்லவா இருக்கிறது?

ஸக்கேயோ பெயரை எடுக்காதீர்கள். அங்கே சிங்கக் குட்டிகள் இருப்பதாக ஏதாவது சொல்லி எல்லோரையும் ஜீப்பில் கூட்டிப் போங்கள். "மச்சான்கிட்ட சொல்லிராதக்கா, அவரு காட்டு வேலையில சோறு திங்கிறவரு" என்று என் காலைப் பிடித்தான். வெளியே தெரிந்தால் ஜெயில்தான். தியாமிகே வளர்ந்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பேச அவன்தானே பாயில் உட்கார வேண்டும்? தாய்மாமனைக் காட்டிக்கொடுத்தவள் என்று என் தாய்வீட்டில் ஒருவரும் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள்.

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை. அப்படியே இருக்கட்டும். நீங்கள் விலகிப் போவீர்கள், சரி. பக்கத்து முகாமிலிருந்தும் அதே தடத்தில்தானே நடக்கிறார்கள்? அங்கே வழிகாட்டும் பையனின் மனைவி கிணற்றடியில் என் பக்கத்தில் நின்று குடம் நிரப்புகிறவள். இப்போது மாசமாக இருக்கிறாள். அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஆகையால் ப்வாலியா ஐயாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். யார் வைத்த கம்பி என்று கேட்டால் என் தம்பியின் பெயரைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வண்டி கிளம்பியதும் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். காயம் எப்படிப் பட்டது என்று அங்கே கேட்கத்தான் போகிறார்கள். அவன் இப்போது உங்கள் போர்வைக்குள் தூங்குகிறான். அக்கா காப்பாற்றிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாக உங்கள் தொப்பியை டாலித்ஸோவிடம் கொடுத்தனுப்புங்கள். மாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் சாலைக்கு வந்து நிற்பேன். தொப்பி இல்லாமல் நீங்கள் வெயிலில் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டீர்கள். அதனால்தான் கேட்கிறேன், அனுப்பிவிடுங்கள்.

ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும், பக்கத்து முகாம் பையனோடும் இருக்கட்டும். என் தம்பியையும் கைவிடாமல் இருக்கட்டும்.

தியாமிகேயின் அம்மா
எலெஸ்டினா