எதையும் அழிக்காத ஏரிக்குள் இருக்கும் அண்ணனுக்கு

என் பிரியமுள்ள அண்ணே,

உன் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. அம்மா விடவில்லை. திருவாதவூரில் யாராவது கருமாதிப் பேச்சை எடுத்தால், சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

நம் ஊர்க் கணக்கு உனக்குத் தெரியும். கிணற்றில் விழுந்தவர் மூன்றாம் நாள் மேலே வந்துவிடுவார். கனடாவில் பழைய கப்பலைப் பார்க்க ஏரிக்குள் முங்கிய நீ திரும்பவில்லை என்று தகவல் வந்ததும், அம்மா மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்புட்டுக் குளிர்ந்த தண்ணீரில் உடல் மிதக்காது என்று உன்னோடு முங்கிய நண்பர் போனில் விளக்கினார்.

"மேல வரலேன்னா சாகலேன்னுதானே அர்த்தம்?" என்றாள் அம்மா.

போதாக்குறைக்கு, அதற்கு முந்தின தடவை முங்கிவிட்டு நீ அனுப்பிய வீடியோ. அந்த மரக்கப்பல் மூழ்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பாய்மரம்கூடச் சாயவில்லை. அலமாரியில் பீங்கான் கோப்பைகள் அடுக்கியபடியே இருக்கின்றன. "இது நல்ல தண்ணிம்மா. உப்பில்ல, மரத்தத் தின்னுற புழு இல்ல. இங்க எதுவும் அழியாது" என்று பெருமையாகச் சொல்கிறாய். ஏன் அப்படிச் சொன்னாய்? அம்மா அதைத்தான் தினமும் போட்டுக் கேட்கிறாள்.

"கோப்பையே அப்படியே இருக்குல்ல. அப்ப அவனும் அப்படியேதானே இருப்பான்? நீ போயி கூட்டிட்டு வா தாயி."

கப்பலின் உள்படிக்கட்டு சரிந்துவிட்டது, அங்கே உள்ளவர்களே பயந்துபோய்த் தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். "நீ ஒல்லிதானே, நுழைஞ்சிருவ" என்றாள். இருக்கிற ஒரு பிள்ளையையும் அனுப்புகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நான் வேலை பார்க்கும் சிம்மக்கல் மருந்துக்கடைக்கு லீவு விடும் ஞாயிறுகளில், தண்ணீர் நிறைந்து கிடக்கும் கல்குவாரி ஒன்றில், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கும் ஸ்கூபா பழகுகிறேன். அடியில் ஒரு பழைய லாரி கிடக்கிறது. கயிற்றைப் பிடித்தபடி அதைச் சுற்றி வர வேண்டும். போன வாரம் அதன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். கால் பட்டுச் சேறு கிளம்பியது. டார்ச்சை முகத்தருகே பிடித்தும் வெளிச்சம் தெரியவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. உனக்கும் அப்படித்தான் இருந்ததா அண்ணே? யாரைக் கூப்பிட்டாய்?

பயிற்சி தரும் மாஸ்டர்தான் சிலிண்டரைப் பிடித்து இழுத்து என்னை மேலே கொண்டுவந்தார்.

"கயித்த ஏம்மா விட்ட?"

"தெரியல மாஸ்டர்."

உனக்கு மட்டும் சொல்கிறேன். லாரிக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. கிட்டே போய்ப் பார்க்கத்தான் விட்டேன்.

விசா வந்துவிட்டது. வாரேன். கப்பலின் கதவு வரைதான் வருவேன். டார்ச்சை உள்ளே அடிக்க மாட்டேன். திரும்பி வந்து, "தண்ணி எல்லாத்தையும் தின்னுருச்சும்மா, அந்தக் கோப்பகூட இல்ல" என்று அம்மாவிடம் பொய் சொல்லி, என் கையாலேயே உனக்கு மாலை போடுவேன். இது சத்தியம்.

கதவருகே நிற்கும்போது நீ மட்டும் என்னைக் கூப்பிட்டுவிடாதே.

கயிற்றை இனி விடமாட்டேன் என்று நம்பும்,
உன் தங்கச்சி