ஐம்பது சுற்று

நம் வாலுவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லாரும் சுகம்தானே? என் அப்பாவின் மூட்டுவலி குறைந்ததா?

ஒரு வேடிக்கை கேள். குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கு நிதி திரட்ட எங்கள் கிடங்கில் ஓட்டம் வைத்தார்கள். சூப்பர்வைசர் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு, "நீதான் ஒல்லியா இருக்கே, ஓடிருவே" என்றார். ஒப்பந்தம் முடியும்வரை நாங்கள் கேட்டைத் தாண்டக் கூடாதே! அதனால் மதிலை ஒட்டி உள்ளேயே ஐம்பது சுற்று, மொத்தம் நாற்பது கிலோமீட்டர். சுற்றுக்கு ஒரு கோடாக வாட்ச்மேன் சாக்பீஸால் மதிலில் போட்டுக்கொண்டே வந்தார்.

முப்பத்தெட்டாவது சுற்றில் ஒரு லாரிக்காகக் கேட்டைத் திறந்திருந்தார்கள். கால் அதுபாட்டுக்கு வெளியே திரும்பிவிட்டது. "எங்க போற தம்பி? பாதை இந்தப் பக்கம்" என்று வாட்ச்மேன் தோளைப் பிடித்துத் திருப்பினார். நல்ல மனிதர், யாரிடமும் சொல்லவில்லை. கோடும் போட்டார்.

நிதி நிறையச் சேர்ந்ததாம். அதில் எனக்கும் சந்தோஷம்தான். கால்விரல் நகம் ஒன்று போனது, வேறொன்றுமில்லை. யாராவது இங்கே வந்தால் பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கொடுத்தனுப்பு. வாலுவின் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு இப்போது வாங்க முடியாது. சும்மா வைத்துக்கொள்ளத்தான்.

ஷிஃப்ட்டுக்கு மணி அடித்துவிட்டது. அப்பா நாற்பது கிலோமீட்டர் ஓடினார் என்று வாலுவிடம் சொல். எங்கே போய்ச் சேர்ந்தார் என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடு.