ரம்பத்தின் வலது பக்கம்

பிப்ரவரி 3, செவ்வாய்

கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. ஒன்பது டால்பின் துடுப்புகள். எட்டு தெரிந்த முகம், ஒன்று புதுசு. (துடுப்பை முகம் என்று சொல்லும் ஒரே கூட்டம் நாங்கள்தான்.)

டால்பின் மூச்சு விட மேலே வரும் அந்த ஒரு நொடியில் அதன் முதுகுத் துடுப்பைப் படம் பிடிக்க வேண்டும். துடுப்பின் பின் விளிம்பில் இருக்கும் கிழிசல்கள்தான் அடையாளம். கடித்தது, உரசியது, படகு கிழித்தது. இரண்டு விலங்குகளுக்கு ஒரே மாதிரி கிழிவதில்லை. பார்த்ததில் பழையது எத்தனை, புதியது எத்தனை என்று வைத்து, கண்ணில் படாதவை எத்தனை இருக்கும் என்றும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பதினோரு வருடமாகச் செய்கிறேன். இன்னமும் எனக்கு இது மாயம்தான். பார்க்காததை எண்ணுகிறோமே!

ரம்பம் என்று நான் பெயர் வைத்த டால்பின் இன்றும் வரவில்லை. கேப்டனிடம் புலம்பினேன். (எங்கள் படகில் மொத்தமே மூன்று பேர்தான் உட்காரலாம். இருந்தாலும் ஓட்டுகிறவர் கேப்டன்.) "கூப்பிட்டதும் வந்து நிக்க அது என்ன ஆட்டோவா மேடம்?" என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

மதிப்பீடு முடிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் எழுபது. இப்போது ஐம்பத்திரண்டு.

கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதேதான்.

டால்பின்கள் அடிபடாமல் இருக்க விரிகுடாவுக்குள் விரைவுப் படகுகள் மெதுவாகத்தான் போக வேண்டும் என்ற உத்தரவு அடுத்த மாதத்தோடு முடிகிறது. நீட்டுவதா, எடுப்பதா என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள். துறைமுக அதிகாரிக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். "அஞ்சு வருஷம் மெதுவா ஓட்டியும் குறையுதுன்னா, அந்த உத்தரவால என்னம்மா பிரயோஜனம்?" என்கிறார். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு அந்தப் பக்கத்து விரிகுடாவில் முப்பது நாற்பத்தெட்டாக ஏறியிருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறார் தெரியுமா? "அங்கதான் கூடுதே, அப்புறம் எதுக்கு உத்தரவு?"

முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். குறைந்தாலும் எடுப்பார்கள், கூடினாலும் எடுப்பார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

எதிர்க்கட்சி தன் வரைபடத்தை அனுப்பியிருக்கிறாள். கோடு மாடிப்படி மாதிரி ஏறுகிறது. கூடவே ஒரு சிரித்த முகம்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது அந்தப் பக்கத்து விரிகுடாவின் கணக்கு அவளுடையது. எனக்கு வயிறு எரிகிறது. ஆமாம், எரிகிறது. டைரியில் கூடவா நடிக்க வேண்டும்?

பிப்ரவரி 14, சனி

ரம்பம் என் முதல் விலங்கு. பின் விளிம்பில் ஏழு பல், மரம் அறுக்கும் ரம்பம் போலவே. படகுக்குப் பக்கத்தில் வந்து ஒருக்களித்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தவள். அன்றைக்கு யார் யாரை எண்ணினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு வருடமாகக் காணவில்லை. பட்டியலில் "இறந்திருக்கலாம்" என்று மாற்ற வேண்டும். விதி. கணினியைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

நாளைக்கு.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாளைக்கு.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பரவாயில்லை.

கூட்டத்தில் காட்டுவதற்காகக் காணாமல் போனவற்றின் துடுப்புகளை ஒவ்வொன்றாக டிரேசிங் பேப்பரில் வரைந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தேன். பக்கத்தில் எதிர்க்கட்சியின் படப் பட்டியல். குளித்துவிட்டு வந்தால் மேசை பளிச்சென்று இருக்கிறது. அத்தை — இவருடைய அம்மா, முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர், ஒரு பொருள் கிடந்த இடத்தில் கிடந்தால் தாங்காது — எல்லாத் தாளையும் அடுக்கி, விரித்துக் கிடந்த பட்டியலின் மேலேயே வைத்துவிட்டார்.

"என் ஒரு வார வேலை அத்தை!"

"தூசி படுமேன்னு கவுத்து வச்சேன். அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறே?"

கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் இருந்த தாளில் ரம்பம். தாளுக்குக் கீழே பட்டியலின் படம், அவர்களுடைய முப்பத்தொன்றாம் எண், "இலை" என்று பெயர். தாளை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு பல்லின் மேல் ஏழு பல். மூன்றாவது பல்லின் அந்தச் சின்ன வளைவுகூட.

இலைதான் ரம்பம். உயிரோடு இருக்கிறாள்!

எப்படித் தெரியாமல் போனது? ஒரே விலங்கை இரண்டாக எண்ணிவிடக் கூடாது என்று பட்டியலில் ஒரு பக்கத்தைத்தான் சேர்ப்போம். எங்களுக்குக் காலை வெயில் இடது பக்கத்தில் விழுகிறது, நாங்கள் இடது. அவர்கள் சாயங்காலம் போகிறவர்கள், வலது. மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பட்டியலையும் கணினியில் கொடுத்து ஒப்பிட்டோம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை, இது வேறு கூட்டம் அது வேறு கூட்டம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டோம். படத்தைத் திருப்பிப் போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இடது உள்ளங்கையை வலது கையின் மேல் திருப்பாமல் வைத்தால் எப்படிப் பொருந்தும்? ஒன்றை இரண்டாக்கக் கூடாது என்று கட்டிக் காத்த வழக்கமே ஒன்றை இரண்டாக்கிவிட்டது.

மற்ற தாள்களையும் கவிழ்த்தேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று... செத்துப் போனதாக நான் அழுதவை எல்லாம் அடுத்த வீட்டில் வேறு பெயரில் குடியிருக்கின்றன.

அத்தை எட்டிப் பார்த்தார். "அழறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான் அத்தை."

"முதல்ல தலையைத் துவட்டு."

பிப்ரவரி 23, திங்கள்

எதிர்க்கட்சிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ எனக்குக் கூடினது?"

"எனக்குக் குறைஞ்சதுதான்."

"உன்னோடதும் என்னோடதும் சேர்ந்தா நூறுடி. எல்லாரும் நூறுன்னுதான் சொல்லிட்டிருக்காங்க."

"எழுபது. அப்பவும் எழுபது, இப்பவும் எழுபது. முப்பது பேரை ரெண்டு பேரும் எண்ணியிருக்கோம்."

"நான் பேட்டியெல்லாம் குடுத்துட்டேன்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்குச் செத்தவர்கள் திரும்பி வந்தார்கள். அவளுக்கு, வந்தவர்கள் விருந்தாளிகள் என்று ஆகிவிட்டது. அவள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கூட்டத்தில் இது என் வாய்ச்சொல்தான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

போன் இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

விடியற்காலையில் அவளிடமிருந்து படங்கள். ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும். தூங்கவே இல்லை போலிருக்கிறது. ஒரே ஒரு வரி: "நீ திங்கட்கிழமை பார்த்ததை நான் புதன்கிழமை பார்த்திருக்கேன்டி. எப்பவும் முனையைச் சுத்தித்தான் போகுதுங்க."

தேதிகளை அடுக்கினேன். மீன் கூட்டம் நகரும்போது இங்கிருந்து அங்கே, திரும்ப இங்கே. நாங்கள் இரண்டு விரிகுடா என்று பெயர் வைத்ததெல்லாம் அவற்றுக்கு ஒரே வீட்டின் இரண்டு அறை. நான் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு வீடு காலியாகிறது என்று அழுதிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் இத்தனை வருடமாக எங்களைக் கேட்காமல் எத்தனை பெரிய போக்குவரத்து!

ஆனால் முனை. உத்தரவு இரண்டு விரிகுடாவுக்குள் மட்டும். முனையைச் சுற்றும்போது விரைவுப் படகுகள் பறக்கும். அங்கே யாரும் எதையும் எண்ணியதில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் வாசற்படியை விட்டுவிட்டோம்.

கடைசிப் படம் ரம்பம். அவள் விலாவை ஒட்டி ஒரு குட்டி.

மார்ச் 19, வியாழன்

கூட்டம். இரண்டு பேரும் ஒரே வரைபடத்தோடு போனோம். "நூறு நூறுன்னு சொன்னீங்க, இப்ப எழுபதுங்கிறீங்க. எதைத்தான் நம்புறது?" என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்க்கட்சி எழுந்தாள். "என் கணக்குதான் சார் தப்பு. அவ கணக்கும் தப்பு. சேர்த்துப் பார்த்தாதான் சரி."

இரண்டு தாளையும் அவர் மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். ஒன்றைக் கவிழ்த்தேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட!"

முனையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வார்களாம்.

மே 17, ஞாயிறு

முனைக்கு எதிரே, நடுக்கடல். எங்கள் படகு ஒரு பக்கம், அவள் படகு எதிர்ப் பக்கம். ஒரு விரைவுப் படகு முனையைச் சுற்றி வந்தது. மெதுவாக. பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார்கள். கேப்டன் அவர்களுக்குக் கையாட்டினார்.

அது கடந்து போய் அலை அடங்கியதும், இரண்டு படகுக்கும் நடுவில் ரம்பம் எழுந்தாள். நான் இடது பக்கத்தை எடுத்தேன், அந்தப் பக்கம் அவள் வலது பக்கத்தை எடுத்தாள். "ஒண்ணு!" என்று அங்கிருந்து கத்தினாள். "ஒண்ணு!" என்று நானும் கத்தினேன்.

பின்னாலேயே குட்டி. எவ்வளவு பக்கத்தில்! துடுப்பில் ஒரு கீறல் இல்லை, வழவழவென்று, இப்போதுதான் செய்து வைத்த மாதிரி. கிழிசல் இல்லாததைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அதற்கு எண் கிடையாது, பெயர் கிடையாது.

கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு துடுப்பும் என் பட்டியலுக்கு வர வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன். இன்று முதல் முறையாக வேறு மாதிரி வேண்டிக்கொண்டேன்.

நீ மட்டும் வராதே, கண்ணு.