கம்பியைத் தவிர மற்றதெல்லாம்

6 ஆகஸ்ட் 2025, புதன்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. கீழ் வீட்டு ரூக்சார் இரண்டு குடம் கொடுத்தாள். கொடுத்ததை நாலு தடவை சொல்லியும் காட்டினாள். நாத்தனார் அல்லவா.

சாயங்காலம் இவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "வெள்ளிக்கிழமை படம் யூடியூப்ல வருதாம் ஷபீ. நம்ம கம்பியை ஊரே பாக்கப் போகுது." படத்தின் பெயர் 'ஆறு மணிப் பூட்டு'. பெண்கள் ஜெயில் கதை. கையில் காசில்லாத கம்பெனி, காலியாகக் கிடந்த ஒரு குடோனில் எடுத்தார்கள். ஜெயில் கதவும் கம்பியும் செய்து கொடுத்தது இவருடைய திருமுடிவாக்கம் கிரில் பட்டறை.

மார்ச்சில் சாப்பாடு கொண்டு போன அன்று அந்தக் கம்பிகளை நிறுத்தி வைத்திருந்தார். "வா ஷபீ, உள்ள போய் நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன்" என்று சிரித்தார். தலைவலி என்று சொல்லி, கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அவருக்குத் தெரியாது. தெரியவே கூடாது.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்மா முடிந்து வந்ததும் எல்லோரும் டிவி முன்னால். பிரியாணி, பிறகு படம். எங்கள் மகள் ருமைசாவுக்கு நாளைக்குப் பரீட்சை, பாதியில் எழுந்து போய்விட்டாள். நானும் போயிருக்கலாம். போனால் ஏன் என்று கேட்பார்களே.

ஒவ்வொரு முறை கம்பி வரும்போதும் இவர் தொடையைத் தட்டிக்கொண்டார். "பாரு, அந்த வெல்டிங்கைப் பாரு, ஒரு பிசிறு தெரியுதா?" கதாநாயகி விடுதலையாகி வீட்டுக்கு வரும் இடத்தில் ரூக்சார் சமோசாவைக் கடித்துக்கொண்டே, "சும்மா கதை விடுறாங்க. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவளை எந்த வீட்டுல சேத்துப்பாங்க?" என்றாள். "கதையை விடு, கதவைப் பாரு" என்று இவர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அல்லாஹ், எப்படிச் சிரித்தேன்?

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இருபது வயதில் பல்லாவரத்தில் ஒரு நகைக்கடையில் நின்றேன். என் கவுண்டரில் ஒரு வளையல் குறைந்தது. முப்பத்தெட்டு நாள் உள்ளே. அப்புறம் முதலாளியின் மச்சினன்தான் எடுத்தான் என்று தெரிந்து, கோர்ட் என்னை விட்டது. அத்தா ஊரெல்லாம், "பெரியம்மா வீட்ல இருக்கா, மஞ்சக்காமாலை" என்று சொல்லியிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னார். அத்தா மவுத்தாகி ஆறு வருஷம். அந்தப் பொய்யை இப்போது நான் ஒருத்திதான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

9 ஆகஸ்ட், சனி

கமெண்ட், கமெண்ட் என்று இவர் போனைக் கீழே வைக்கவே இல்லை. என்னிடமும் படித்துக் காட்டினார்.

"ஹீரோயினுக்கு ஜெயில்லயும் புருவம் திருத்த ஆள் வராங்களா?"

"வார்டன் அக்கா மட்டும் மிரட்டிட்டாங்க. மத்தவங்க எல்லாம் சீரியல்."

"அம்மாவை நினைச்சு அழுதுட்டேன், நன்றி டீம்."

பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார். நானே எட்டிப் பார்த்தேன். எவனோ எழுதியிருக்கிறான்: "கம்பியில நேத்து அடிச்ச பெயிண்ட் இன்னும் காயலை. எவன்டா இந்தக் கிரில் ஆசாரி? பால்கனிக்குச் செஞ்சதைக் கொண்டாந்து வச்சிட்டான்." அதற்குக் கீழே நூறு பேர் பல்லைக் காட்டியிருக்கிறார்கள்.

இவர் ராத்திரி ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டார். மூன்று வாரம் அந்தக் கம்பியோடு மல்லுக்கட்டிய மனுஷன். எனக்கு வயிறு எரிந்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதிவிட்டேன். மத்தியானம் இவர் தூங்கும்போது மடமடவென்று. எவனுக்குத் தெரியும் என்கிற திமிர். எழுதியது இது:

"கம்பி புதுசா இருக்குன்னு சிரிக்காதீங்க. பெரிய அதிகாரி வர்றாருன்னா ஜெயில்ல முத நாள் பெயிண்ட் அடிப்பாங்க. பழசைச் சுரண்டாம மேலயே அடிச்சு அடிச்சு கம்பி தடிச்சுப் போயிருக்கும். நெஞ்சு உயரத்துல மட்டும் எத்தனை தடவை அடிச்சாலும் பெயிண்ட் நிக்காது. அங்கதான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இந்தப் படத்துல கம்பியைத் தவிர மத்ததெல்லாம்தான் பொய்."

போட்டதும் மனசு லேசாக இருந்தது. தேங்காய்ப்பால் கஞ்சி வைத்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

இருநூற்றுப் பன்னிரண்டு லைக்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

யா அல்லாஹ். யா அல்லாஹ்.

கடை போனில் எழுதியிருக்கிறேன். கிரில் விலை கேட்பவர்களுக்கு நான்தான் எப்போதும் அந்தப் போனில் பதில் போடுவேன். கை பழக்கத்தில் அதையே எடுத்திருக்கிறேன். கமெண்டுக்கு மேலே 'சாஜித் கிரில் ஒர்க்ஸ், திருமுடிவாக்கம்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. தொட்டால் கடை விலாசம், போன் நம்பர், இவர் படம். முட்டாள், முட்டாள்! என் கையாலேயே எழுதி வீட்டு வாசலில் ஒட்டின மாதிரி ஆகிவிட்டதே.

கீழே கேட்கிறார்கள்: "லேடீஸ் ஜெயில் சமாச்சாரம் உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?" "அங்க கிரில் வேலை பாத்தீங்களா?" சரி, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று பார்த்தால், ரோஜாப்பூ படம் வைத்த ஓர் ஆள்: "இது கடைக்காரர் எழுதினது இல்ல. உள்ள இருந்த பொம்பளை எழுதினது."

அழிக்கலாம் என்று போனேன். அதற்குள் இவர் பார்த்துவிட்டார். "நீயா எழுதினே?"

"எங்கேயோ படிச்சதுங்க."

"எங்க?"

"வார இதழ்ல... பழசு."

என் முகத்தையே பார்த்தார். "அடேயப்பா, பின்னியிருக்கே!" என்று சொல்லி அதைப் படம் பிடித்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். இனி அழித்து என்ன பிரயோஜனம்?

13 ஆகஸ்ட், புதன்

ரூக்சார் மாடிக்கு வந்தாள். "எந்த இதழ் அண்ணி? நானும் படிக்கறேனே." பழைய பேப்பர்காரனிடம் போட்டாயிற்று என்றேன். போகும்போது என்னை மேலும் கீழும் பார்த்த மாதிரி இருந்தது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

சாயங்காலம் கேட் சத்தம் கேட்டு உலை அரிசியைக் கீழே கொட்டிவிட்டேன். குரியர்காரன்.

14 ஆகஸ்ட், வியாழன்

நாளை லீவு, சனி ஞாயிறும் சேர்ந்து வருவதால் ஊருக்குப் போகிற கூட்டம். பெருங்களத்தூரில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு இவர் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"தனம்னு ஒரு அம்மா கடை நம்பருக்குப் போன் பண்ணாங்க. ஷபீனா இருக்காளான்னு கேட்டாங்க. உன்கூட ஒண்ணா இருந்தாங்களாம்."

அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். திரும்பியிருந்தால் முகமே சொல்லியிருக்கும். "நகைக்கடையில கூட வேலை பாத்தவங்க" என்றேன்.

"அப்படியா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சட்டை பட்டன் அறுந்தாலே பத்துக் கேள்வி கேட்கிற மனுஷன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

இவர் தொழுகைக்குப் போன நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்த் தனமக்காவுக்குப் போன் போட்டேன். உள்ளே என் பக்கத்துப் பாய் அவர்களுடையது. அழும்போதெல்லாம் வாயைப் பொத்தி மடியில் போட்டுக்கொள்வார்கள். இப்போது மேடவாக்கத்தில் இட்லிக் கடை.

"இன்னா ஷபீனா, மறந்துட்டியா? பெயிண்ட் நிக்காதுன்னு அப்பவே நகத்தால சுரண்டிகினு நிப்பியே. படிச்சதும் நீதான்னு தெரிஞ்சிடுச்சு. தாம்பரம் பக்கம் வூடு மாத்திட்டோம்னு உங்க அத்தா கோர்ட்டாண்ட சொன்னாரு. பேரும் பாய் பேரா கீது. அதான் போன் போட்டேன்."

"அக்கா, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலம்மா, சத்தியமா. எத்தினி வருசம் ஒண்ணா இருந்தீங்கன்னு கேட்டாரு. வருசம் எங்க, முப்பத்தெட்டு நாள்தான்னேன்."

போனை வைத்துவிட்டேன். கடையில் கூட வேலை பார்த்தவளோடு இருந்த நாளை எவள் எண்ணி வைத்திருப்பாள்? நாள் எண்ணுகிற இடம் எது என்று அவருக்குத் தெரியாதா?

16 ஆகஸ்ட், சனி

பேசவில்லை. சாப்பிட்டார், போனார்.

18 ஆகஸ்ட், திங்கள்

"உப்பு" என்றார். இன்று முழுக்க அந்த ஒரு சொல்தான்.

நானே சொல்லிவிடலாமா? எப்படி ஆரம்பிப்பது? ஏங்க, நான் திருடலைங்க என்றா? திருடலை என்று சொல்லத் தொடங்கினாலே திருடி மாதிரித்தானே இருக்கும். வாய் வரைக்கும் வருகிறது, உடனே பாத்திரம் கழுவப் போய்விடுகிறேன்.

20 ஆகஸ்ட், புதன்

இவரும் ரூக்சாரும் கீழே மாடிப்படி ஓரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியதும் பேச்சு நின்றது.

தலாக் என்கிற சொல்லை எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். ருமைசாவுக்கு என்ன சொல்வேன்? அம்மா வீடு என்று ஒன்று இல்லை. ஒரு பையில் என்னென்ன எடுத்து வைப்பது என்று மனசு தானாகவே யோசிக்கிறது. நிறுத்த முடியவில்லை.

23 ஆகஸ்ட், சனி

இன்று தனமக்காவிடமிருந்து மெசேஜ். "உன் வூட்டுக்காரரு கடைக்கு வந்தாரு. நாலு இட்லி துன்னாரு. ரொம்ப நேரம் குந்திகினு இருந்தாரு. எல்லாம் கேட்டாரு. மறைக்கத் தோணலம்மா, மன்னிச்சுக்கோ."

முடிந்தது. எல்லாம் முடிந்தது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ரூக்சார் வந்து உட்கார்ந்து என்னோடு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் அளவு டேப்பும் கடை நோட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு என் பேரைச் சொன்னார்.

"ஷபீ, படத்துக்கு ரெண்டாம் பாகம் எடுக்கறாங்களாம். மறுபடி ஆர்டர் வந்திருக்கு. கம்பிக்குக் கம்பி எவ்வளவு விடட்டும்?"

"எப்பவும் விடற மாதிரி நாலு இஞ்சு விடுங்களேன்."

"எப்பவும் விடறது எனக்குத் தெரியும். நிஜத்துல எவ்வளவு?"

என் கையில் கத்தி அப்படியே நின்றது. ரூக்சார் சிரித்தாள். "அண்ணிகிட்ட கேட்டா? அண்ணிக்கு எப்படிண்ணா தெரியும்?"

"அவளுக்குத்தான் தெரியும்" என்றார். "செய்யாத தப்புக்கு முப்பத்தெட்டு நாள் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா."

ரூக்சார் வாயைத் திறந்தாள். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷம் ஷபீ... ஒரு வார்த்தை சொல்லலையே நீ. ஆனா மார்ச்ல, அந்தக் கம்பிக்குள்ள போய் நில்லு, போட்டோ எடுக்கறேன்னு உன்னைக் கூப்பிட்டவன் நான். இத்தனை நாளும் அதை நினைச்சாத்தான் சோறு இறங்கலை."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கத்தியை வைத்துவிட்டு வலது கையை நீட்டினேன். "இது வரைக்கும் போகும்" என்று முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினேன். "அதுக்கு மேல போகாது."

அவர் அந்த இடத்தில் டேப்பைப் பிடித்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார். மூன்றேகால் இஞ்சு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.