மூன்று ஆண்டு முடிந்தும் எங்களை வெளியே விடாத மேலாளர் குறித்து

அனுப்புநர்:
திருமதி பிரிஸில்லா அலெக்சாண்டர்,
துளி மருத்துவக் கருவிகள்,
அறை எண் 4, குறிஞ்சி இளந்தொழில் வளர்ப்பு மையம்,
பெங்களூர்.

பெறுநர்:
தலைவர், ஆட்சிக்குழு,
குறிஞ்சி இளந்தொழில் வளர்ப்பு மையம்,
பெங்களூர்.

பொருள்: நிறைவுச் சான்றிதழ் தர மறுப்பது – நான் கேட்காத கால நீட்டிப்பை ரத்து செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலத்தில் இரண்டு மனுக்கள் ஏற்கெனவே கொடுத்தேன். விதிப்படி அவை மேலாளர் திரு. தேசிகன் வழியாகத் தங்களிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று தெரிந்ததால் இதைத் தங்கள் வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம் கெஞ்சலாகிவிடுகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

1. நான் பதினாறு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். சலைன் பாட்டில் தீரும் நேரத்தில் மணியடிக்கும் சிறு கருவியை, பொறியாளர் செல்வி தாரணியுடன் சேர்ந்து உருவாக்கினேன். 2001 ஜூனில் மையத்தில் இடம் கிடைத்தது. புதிய தொழிலுக்கு மூன்று ஆண்டு இடமும் வழிகாட்டலும் தந்து, சொந்தக் காலில் நின்றதும் வெளியே அனுப்புவதே மையத்தின் நோக்கம். அதைச் செய்து முடிப்பது மேலாளரின் வேலை.

2. உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் எங்களுக்காக திரு. தேசிகன் ஓடாய்த் தேய்ந்தார். மருத்துவமனை அதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அந்த நன்றி இன்றும் எனக்கு இருக்கிறது.

3. கருவி விற்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மையத்தின் பதினொரு நிறுவனங்களில் காட்டும்படியாக இருப்பது எங்களுடையது ஒன்றுதான். வெளிநாட்டுக் குழுவோ கல்லூரி மாணவர்களோ, யார் வந்தாலும் மேலாளர் அறை எண் 4க்கு அழைத்து வருகிறார். தாரணி கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு எழ வேண்டும். நான் பாட்டிலைத் தொங்கவிட்டு, தண்ணீர் தீர்ந்து மணியடிக்கும் வரை ஜவுளிக்கடை பொம்மை போலச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்வையாளர் பதிவேட்டின்படி அறுபத்து மூன்று முறை நின்றிருக்கிறேன்.

4. எங்கள் மூன்று ஆண்டு இந்த ஜூனில் முடிந்தது. ஹெப்பகோடி தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு ஷெட் ஒதுக்கியிருக்கிறார்கள். மையத்தின் நிறைவுச் சான்றிதழை செப்டம்பர் 30க்குள் காட்டாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு மருத்துவமனைகள் கேட்டிருக்கும் முந்நூறு கருவிகளைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் செய்ய முடியாது. ஈஜிபுராவைச் சேர்ந்த ஆறு பெண்களுக்கு அங்கே வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் இருவர் இருந்த வேலையை விட்டுவிட்டார்கள். சான்றிதழ் கேட்டு நான்கு முறை போனேன். கடைசி முறை திரு. தேசிகன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம். இருபத்தேழாம் தேதி டெலிகேஷன் வருது. நீங்க போயிட்டா நான் அவங்களுக்கு எதைக் காட்டுறது?"

5. இனி என் தவறு. அவசரமாக டெண்டர் வந்தால் உடனே தட்டச்சு செய்து அனுப்பலாம் என்று, வெற்று லெட்டர்ஹெட்டில் கையொப்பமிட்டு மேலாளரிடம் கொடுத்துவைப்பது இங்குள்ள எல்லோருக்கும் வழக்கம். நானும் ஐந்து தாள்கள் கொடுத்தேன். சான்றிதழ் ஏன் தாமதம் என்று அலுவலகத்தில் கேட்டபோது கோப்பிலிருந்து அவற்றில் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். நாங்கள் இன்னும் தயாராகவில்லை, மேலும் ஓராண்டு இடம் வேண்டும் என்று நானே கேட்டதாக அதில் இருக்கிறது. நம்பிக் கொடுத்த கையொப்பத்தை வைத்தே என்னைப் பூட்டிவிட்டார்.

6. மேலாளரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை ரத்து செய்து, நிறைவுச் சான்றிதழைத் தங்கள் கையாலேயே 25ஆம் தேதிக்குள் வழங்க வேண்டுகிறேன். மற்ற பத்து நிறுவனங்களின் வெற்றுத் தாள்களையும் அவரவரிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். வளர்ந்தவர்களை அனுப்பிவைப்பதுதான் அவருடைய வெற்றி என்பதை மேலாளருக்குத் தாங்கள் எழுத்தில் தெரிவித்தால், அடுத்து வருபவர்களுக்கு இந்தப் பாடு இருக்காது.

எது எப்படியானாலும், 27ஆம் தேதி நாங்கள் பாட்டிலைத் தொங்கவிட மாட்டோம். வருபவர்கள் அறை எண் 4இல் கட்டிவைத்த பெட்டிகளைத்தான் பார்ப்பார்கள். பதிலை மேலாளர் வழியாக அனுப்பாமல், உறையின் மேல் உள்ள என் காக்ஸ் டவுன் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

இதற்குக் கீழே என் கையொப்பம் வரை காலியிடம் இல்லாதபடி கோடு இழுத்து மூடியிருக்கிறேன்.

இடம்: பெங்களூர்
நாள்: 6.9.2004

வெளியேறத் தயாராக இருக்கும்,
பிரிஸில்லா அலெக்சாண்டர்